நான்கு திருகாணிக்கு அடியில்

உ

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கோபத்தோடு கேட்டால் அது விசாரிப்பாக இருக்காது. உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடிக்கிறது. உன் அப்பா தீய்ந்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது, "கல்யாணம் முடியட்டுமே, அப்புறம் எழுதேன்" என்றார். கல்யாணம் முடிந்த பிறகு எழுதுவதற்கு இதில் ஒன்றும் மிஞ்சாது. முகம் கழுவி, விபூதி இட்டு, முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கோபம் தணியட்டும் என்று. தணியவில்லை. தணியாமலே எழுதுகிறேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதிக் காட்டுகிறேன், ரீயூனியன் தீவில் வேலை அவசரத்தில் என்ன எழுதினோம் என்று மறந்திருப்பாய். "அம்மா, என் பேஸ் கித்தாரை வாங்க நான் அனுப்பிய ஆள் போன் செய்தார். அதன் கழுத்து அசல் இல்லையாம். நான் ஊரில் இல்லாதபோது எந்தத் தச்சரிடமாவது கொடுத்து மாற்றினீர்களா? சந்தனமும் எண்ணெயும் சாம்பிராணிப் புகையுமாக அதைக் கெடுத்திருப்பீர்கள் என்று அப்போதே நினைத்தேன். அது என்ன மரம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை." குற்றம் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மன்னித்து எழுதியிருக்கிறாய் பார், அதுதான் சுட்டது. அது போதாதென்று அதே தாளில், அதே மையில், இரண்டு வரி தள்ளி இன்னொன்று. லாங் மவுண்டனில் நடக்கப்போகும் உன் கல்யாண வரவேற்பில், பெற்றவர்களுக்கும் முன்னால் தோந்தோன் சிவென்தான் உன் நெற்றியில் சந்தனம் வைத்து அட்சதை போட வேண்டும், அவர் உனக்குக் குரு மாதிரி, தன்னுடைய அந்தப் பழைய மஞ்சள் கழுத்துக் கித்தாரோடு வந்து வாசிக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. தோந்தோன், தோந்தோன் என்று வாய் நிறைய மாமா முறை கொண்டாடுகிறாய். கடற்கரை ஹோட்டல் பாண்டின் தலைவராக இருந்து உன்னை வாசிக்க வைத்தவர், சரி. உன்னை வாசிக்காமல் ஆக்கியவரும் அவர்தான். இந்த இரண்டு விஷயமும் ஒரே கடிதத்தில் வந்து உட்கார்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சுவாமி ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துக் காட்டுகிறார்.

நீ அனுப்பிய பிரெஞ்சுக்காரர் சனிக்கிழமை காலையில் நம் ஊர் செமின் கிரனியேவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைத்தெருவில் விசாரித்து வந்து சேர்ந்தார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிறவர் என்றால் பேரம் பேசுகிற ஆளாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படியில்லை. செருப்பை வாசலில் கழற்றினார். சாப்பாட்டு மேஜையில் விரிக்கத் துணி கேட்டார், அப்பாவின் பழைய வேட்டியை மடித்துப் போட்டேன். கித்தாரைக் குழந்தையைக் குளிப்பாட்டக் கிடத்துகிற மாதிரிக் குப்புறக் கிடத்தி, தந்திகளைத் தளர்த்தி, பின்பக்கத் தகட்டிலிருந்த நான்கு திருகாணிகளையும் எடுத்தார். கழுத்து தனியாக வந்தது. உடம்பில் கழுத்து உட்காரும் பள்ளத்தில், வண்ணம் படாத வெறும் மரத்தில், பென்சிலால் ஒரு தேதி. கழுத்தின் அடியில் மையில் அடித்த முத்திரையாக ஒரு தேதி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடலாம்.

"உடம்பு ஆல்டர் மரம். அசல். அதில் பழுதில்லை. ஆனால் இந்தக் கழுத்து இந்த உடம்போடு பிறந்ததில்லை, மதாம்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தெரியுமா? உங்கள் மகன் உங்களுக்குத் தெரியாது என்றாரே."

"அதை அவன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ சொல்லித்தான் தெரியும். ஊரில் பாதிப் பேர் விடியுமுன்னே வேன் ஏறிப் பின்னலாடை ஃபாக்டரிக்கும், மீதிப் பேர் ஹோட்டலுக்கும் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நீயும் ஹோட்டல் பாண்டில் சேர்ந்தாய். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஓர் இத்தாலிக்காரர் ஊர் திரும்பும்போது அந்தக் கித்தாரை உனக்கு விற்றுவிட்டுப் போனார். நீ அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கானே, இது வாத்தியமா மேஜைக்காலா?" என்று கேட்டேன். நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் தெருவில் வீணைப் பட்டறை இருந்தது. ஒரே பலா மரத்தில் குடமும் தண்டியும் சேர்த்துக் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணைக்கு ஒரு மரியாதை, துண்டு துண்டாகச் சேர்த்த ஒட்டு வீணைக்கு ஒரு மரியாதை. இது ஒட்டு வீணைகூட இல்லையே, ஒட்டாத வீணையாக இருக்கிறதே என்று எனக்கு இளக்காரம்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "மா, அதுதான் இதோட கெட்டிக்காரத்தனம். உடம்பு ஒரு மரம், கழுத்து ஒரு மரம். கழுத்து கோணினா கழட்டி சரி பண்ணிட்டு மறுபடி மாட்டலாம். பசை போட்டு ஒட்டினதுன்னா வைத்தியமே கிடையாது" என்றாய். அது சரிதான் என்று சீக்கிரமே பார்த்தேன். உங்கள் பாண்டில் இன்னொரு பையன் வைத்திருந்த மஹோகனி கித்தார், கழுத்தைப் பசையால் ஒட்டியது, சுவரில் சாய்த்து வைத்த இடத்திலிருந்து சரிந்து விழுந்து தலை முறிந்ததே. கோழியைக் கழுத்தைத் திருகினது போலத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான், பாவம். அன்றைக்கு நான் உன் மேஜைக்காலை மனதுக்குள் மன்னித்தேன்.

குளிர்காலத்து மழையில் ஒரு தடவை உன் கழுத்து லேசாக முன்னால் வளைந்தபோது நீ அதைக் கழற்றிச் சரி செய்தாய். இதே மேஜைதான். நான் உடம்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கழுத்துக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, தந்திகள் கழுத்தை முன்னால் இழுக்கிற இழுப்புக்கு அது பின்னால் தாங்குகிறது, அதைத் திருகும் இடம் கழுத்தின் அடியில், உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் கழற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே செய்தாய். எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். கழுத்தும் விரல் பலகையும் தனித்தனி இல்லை, இரண்டும் ஒரே மேப்பிள் கட்டை, மேலே தனிப் பலகை ஒட்டாததால் கம்பியைப் பின்பக்கமாகப் பள்ளம் வெட்டித்தான் உள்ளே விட முடியும், அந்தப் பள்ளத்தை மூடத்தான் வால்நட் மரத்தில் இந்தக் கறுப்புக் கோடு பதித்திருக்கிறார்கள் என்றாய். நான் விரலால் தடவிப் பார்த்தேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, இரண்டு மரமும் ஒன்றாக உறங்கியது மாதிரி இருந்தது. பழைய நெய் நிறத்துக் கழுத்து. முன்பக்கம் அந்த இத்தாலிக்காரரின் விரல் பட்டுப் பட்டு, வீணையில் போல வரிசையாகப் பதித்த மெட்டுகளுக்கு நடுவில் மெருகு தேய்ந்து கறுத்திருந்த இடங்கள். அடியில் பென்சிலால் தேதி, பக்கத்தில் யாரோ ஒருவரின் இரண்டு எழுத்து. எங்கோ அமெரிக்காவில் ஓர் ஆள் வேலை முடிந்ததும் பென்சிலை எடுத்துத் தேதி போட்டிருக்கிறார். தினமும் வரவு செலவு எழுதுகிறவளுக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போயிற்று. நீ சின்னத் திருப்புளி தேடி உள்ளே போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் மற்றதைப் படிக்க மாட்டாய்.

அதற்கு அடுத்த தைப்பூசத்தில்தான் எல்லாம். கோயிலில் கொடி ஏற்றி விரதம் தொடங்கினது. நீ அந்த வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு ஹோட்டலில் லீவு வாங்கியிருந்தாய். "பத்து நாளும் அதைத் தொடாதே, வாத்தியமும் விரதம் இருக்கட்டும்" என்று சொன்னேன். வாசிக்காதே என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். நீ அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், அதுவும் இளைப்பாறட்டும் என்று தந்திகள் நான்கையும் தொளதொளவென்று தளர்த்தி, சுவாமி அறையில் சாய்த்து வைத்துக் கும்பிட்டாய். பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியே புயல்காலத்துப் புழுக்கம், உள்ளே கம்பி மட்டும் இறுக்கமாக, எதிர்த்து இழுக்கத் தந்தி இல்லை. கழுத்து பின்னால் வளைந்துவிட்டது. விரதம் முடித்து நீ தந்தியை ஏற்றி மீட்டினால் ஒவ்வொரு மெட்டிலும் ஈ அடைபட்ட மாதிரி இரைச்சல். நம் இருவரின் பக்தியும் சேர்ந்து செய்த காரியம் அது. நீ சொன்னதை வைத்தே நான் சொன்னேன்: "அன்னிக்கு மாதிரி கழட்டி, கம்பியை இப்போ தளர்த்தேன்." நீ கேட்கவில்லை. பயந்துபோய் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சிவெனிடம் ஓடினாய்.

அவர் என்ன சொன்னார் என்று நீயே வந்து சொன்னாய். தீவின் ஈரத்தில் மரம் செத்துவிட்டது, உங்கள் அம்மா போடும் சாம்பிராணி வேறு, என்னிடம் விட்டுவிட்டுப் போ, நான் உயிர் கொடுக்கிறேன் என்றாராம். சாம்பிராணியால் எந்த மரம் செத்தது? நம் கோயில் கதவு செத்ததா? ஒரு மாதம் போல வைத்திருந்தார். திரும்பி வந்தபோது கழுத்தின் முகத்தில் கருஞ்சிவப்பு மரம். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், நீ வாசற்படியிலேயே பெட்டியைத் திறந்து காட்டினாய்.

"மா, பாருங்க. தோந்தோன் பழைய கழுத்து மேலேயே புதுப் பலகை ஒட்டிக் குடுத்திருக்கார். ஈட்டி மரம்."

"சரி, மேல ஒட்டினார். பின்னால இருந்த கறுப்புக் கோடு எங்கே?"

"இழைச்சிருப்பார்."

"பூசின கோடு இழைச்சாப் போகும். பதிச்சது எப்படிடா போகும்? கம்பி விட்ட பள்ளத்தை மூடினதுன்னு நீதானே சொன்னே. அதை எடுத்தா உள்ளே கம்பியில்ல தெரியணும்?"

"வேற மாதிரி பண்ணியிருப்பார் மா."

"மேல ஒரு பலகை ஏறினா கழுத்து தடிச்சிருக்கணும். இது முன்னைவிட மெலிஞ்சிருக்கு. கையில பிடிச்சுப் பாரு."

"ஆயோ, மா. ஊ பா கொனே. விடுங்க."

உங்களுக்குத் தெரியாது. கிரியோலில் சொன்னாலும் தாய்க்குரிய மரியாதைப் பன்மையில்தான் சொன்னாய், அதற்கு நன்றி. வீட்டில் தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு எப்போது கிரியோலுக்குப் போகிறதோ அப்போது கதவு சாத்தியாயிற்று என்று எனக்குத் தெரியும். நான் தேங்காயைத் துருவி முடித்தேன். அதே மாதம் சிவெனுடைய கித்தாருக்குப் பிரான்சிலிருந்து பழைய மேப்பிள் கழுத்து ஒன்று வந்து சேர்ந்ததாம். அவருடையதும் அதே கம்பெனி, பிந்தைய வருஷத்தது. திருகாணி நான்கும் அதே இடத்தில். ஒன்றின் கழுத்து மற்றொன்றில் சொன்ன பேச்சைக் கேட்டு உட்காரும். ஏர்கண்டிஷனுக்கு எதிரிலேயே மாட்டி வைத்து அவருடைய கழுத்து கோணிப்போயிருந்தது என்று நீதான் முன்பு சொல்லியிருந்தாய். இத்தனையும் உன் வாயால் வந்தவை. நீயே போய் அவருக்குப் புதுக் கழுத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாய். உனக்குக் கண் இல்லாமல் இல்லை. அவரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை, அம்மாவைச் சந்தேகப்பட வந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு மரக்கட்டை போனால் போகட்டும் என்று நானும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின் நடந்ததுதான் பொறுக்கவில்லை. அந்தக் கழுத்தோடு நீ பட்ட பாட்டை இந்தச் சுவர்கள் கேட்டிருக்கின்றன. ஒரு தந்தி உரசும், அதைச் சரி செய்தால் அடுத்தது அடிபடும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு ஓரிடத்தில் வந்து பொத்தென்று விழும். நீ மறுபடி மறுபடி அதே இடத்தை வாசிப்பாய். விரல் நுனி வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்பாய். கடைசியில் ஒருநாள் அவர் உன் தோளைத் தட்டி, "உன் கை இதுக்கு அமையலை. நீ அழகாப் பேசறே, ரிசப்ஷன்ல நில்லு, அங்கே நல்லா வருவே" என்றாராம். நீ வந்து கித்தாரைச் சுவாமி அறை மூலையில் நிறுத்தினாய். அடுத்த வருஷம் ரீயூனியனில் ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றாய். அப்புறம் அதைத் தொடவில்லை. நல்ல வேலைதான், சம்பாதிக்கிறாய், அந்த வேலையால்தான் தேவி மருமகளாகவும் அவள் வீட்டார் சம்பந்தியாகவும் நமக்குக் கிடைத்தார்கள். அதற்கு நான் முருகனுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் உன் கை அமையவில்லை என்று உன்னை நம்ப வைத்தது எது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அதனால்தான் அந்தப் பிரெஞ்சுக்காரரை உடனே அனுப்பவில்லை. டீ போட்டு, காத்தோ பிமா பொரித்து வைத்தேன். பருப்பு வடையை இந்த ஊர்ப் பெயரில் சொன்னால்தான் அவர்களுக்குப் புரிகிறது. செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்ற பிரெஞ்சு எனக்கு, இலக்கணம் சறுக்கும், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடும். "இந்தக் கழுத்தை நன்றாகப் பாருங்கள், இதற்கு என்ன நோய்?" என்றேன். அவர் அதைத் துப்பாக்கி குறிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்த்தார்.

"முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி. முன்னாலோ பின்னாலோ வளைந்தால் உள்ளே இருக்கும் கம்பி நிமிர்த்தும். முறுக்கை அது எடுக்காது."

"தந்தியைத் தளர்த்திப் பத்து நாள் வைத்தால் இப்படி முறுக்குமா?"

"நல்ல மேப்பிள் கழுத்தா? முறுக்காது. பின்னால் கொஞ்சம் வளையும். கம்பியைத் தளர்த்தித் தந்தியை ஏற்றி வைத்தால் இரண்டொரு நாளில் தானே திரும்பி வரும். அதற்குப் போய் யாரும் கழுத்தை மாற்ற மாட்டார்கள், மதாம்."

"இந்த முறுக்குக் கழுத்தில் கை தேர்ந்தவர் வாசித்தால்?"

"தோற்றுப்போவார். நான் வாசித்தாலும் அப்படித்தான். இதோடு மல்லுக்கட்டியது யார்? உங்கள் மகனா? பாவம்."

இதை நான் உன் அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். தமிழ் வாத்தியார், எதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருப்பவர், அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டார். தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்து. நிறுத்தி, உன் கையை எடுத்துப் பார். அதில் குற்றமில்லை. எப்போதும் இருந்ததில்லை. தன் கோணலை உன் கையில் மாட்டிவிட்டு, அது கோணலாக ஒலித்தபோது உன் விரலைக் குற்றம் சொன்ன ஒரு மனுஷன், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி தூக்கி நம் முன்னாலேயே நடந்து போகிறார். முருகன் அவர் கணக்கை எப்படி வைத்திருக்கிறாரோ, அது அவர்கள் இருவருக்குள். என் பிள்ளையின் நெற்றி அந்தக் கணக்கில் சேராது.

நான் வெறும் சந்தேகத்தில் பேசுகிறேன் என்பாய். லாங் மவுண்டனில் உன் நிச்சயதார்த்தத்தன்று அவர் வாசித்தாரே, நான் மேளக்காரர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்ததும் வியர்வை துடைக்கக் கித்தாரைத் திருப்பினார். பழைய நெய் நிறம். நடுவில் கறுப்புக் கோடு. முன்பக்கம் மெருகு தேய்ந்த இடங்கள், சுவாமி அறையில் இருந்தபோது நான் துணியால் துடைத்த அதே இடங்கள். சம்பந்தி வீட்டார் ரவா கேசரியை நீட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த இடத்தில் என்னத்தைப் பேச? ஆனாலும் நியாயம் நியாயம்தான். அதே கம்பெனி அந்தக் காலத்தில் செய்த கழுத்துகளுக்கெல்லாம் அந்தக் கோடு உண்டாம், அந்த நெய் நிறமும் உண்டாம், பிரெஞ்சுக்காரர் சொன்னார். ஆயிரம் விரல்கள் அதே இடத்தில்தான் தேய்த்திருக்கும். அதனால் நான் பார்த்தது என் மனதுக்குப் போதும், ஊர் முன்னால் ஒரு மனுஷனைச் சொல்லப் போதாது. இதையெல்லாம் நாள்வாரியாகக் குறித்து வைத்த என் வரவு செலவு நோட்டுகளை எடுத்துக் காட்டினால் அம்மாவின் நோட்டு என்று சிரிப்பாய். நோட்டும் வேண்டாம்.

கல்யாணப் பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்று அப்பா இன்று வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ஒட்டின கழுத்து, திருகின கழுத்து என்று தாம்பத்தியத்துக்கு உவமை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் அவர் வகுப்பறைக்கு. எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தேவி ஒருநாள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, நீ மதிக்கிற ஒருவரைப் பற்றியோ, நீ கொண்டுவந்த ஒரு பொருளைப் பற்றியோ, இது அது இல்லையே என்பாள். அவள் படிக்காத விஷயமாக இருக்கலாம். உன் தொழில் விஷயமாகவே இருக்கலாம். அந்தச் சமயத்தில் ஊ பா கொனே என்று மட்டும் சொல்லாதே. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார். அவள் சொன்னது தப்பாக இருந்தால் அப்புறம் சிரிக்கலாம், சேர்ந்தே சிரிக்கலாம். திருப்பியே பார்க்காமல் வாயை அடைத்தால், அவள் பிறகு சொல்லமாட்டாள். நானும் சொல்லாமல்தானே இருந்தேன். அதில் போனது உன் பாட்டு.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தின் தலையில் என்ன போட்டிருக்கிறேன் என்று பார். எதை எழுதத் தொடங்கினாலும் அதைப் போடாமல் என் கை ஓடாது. பால் கணக்கானாலும், சலவைக் கணக்கானாலும், உனக்குக் கடிதமானாலும். அன்றைக்கு நீ திருப்புளி தேடிப் போன நேரத்தில், கழுத்தின் அடியில் அந்த அமெரிக்காக்காரர் போட்ட தேதியைப் பார்த்தேன். தேதி இருக்கிறது, பெயரெழுத்து இருக்கிறது, பிள்ளையார் சுழி இல்லையே என்று மனம் கேட்கவில்லை. காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவர் தேதிக்கு மேலே சின்னதாக ஒரு சுழி போட்டேன். நீ வந்து கம்பியைத் திருகினாய், கழுத்தை மாட்டினாய், திருகாணி நான்கையும் இறுக்கினாய், கவனிக்கவில்லை. சுவாமியைத் தவிர யாருக்கும் தெரியாத இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை அந்த முறுக்குக் கழுத்து தனியாக வந்தபோது நான் முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான். வெறும் முத்திரை மட்டும் இருந்தது.

பிரெஞ்சுக்காரரை விற்பனை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முழுசாகாத பொருளை விற்க நான் சம்மதிக்க மாட்டேன், உனக்குக் கோபம் வந்தாலும் சரி. உடம்பு சுவாமி அறையில் இருக்கிறது, பள்ளம் திறந்தபடி. சிவெனுடைய அந்த முறுக்குக் கழுத்தை நல்ல துணியில் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். வரவேற்புக்கு வரும்போது கையோடு கொண்டுவருவேன். அடுத்தவர் பொருளை இந்த வீட்டில் இனி வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவர் மேடைக்கு வந்து சந்தனக் கிண்ணத்தில் விரலை வைப்பதற்கு முன், ஊரைக் கூட்டாமல், பின்கட்டில் கூப்பிட்டு, மரியாதையாகக் கேள்: "தோந்தோன், உங்க கித்தார் கழுத்தைக் கொஞ்சம் கழட்டிப் பார்க்கணும்." திருப்புளி என் கைப்பையில் இருக்கும், மஞ்சள் குங்குமத்தோடு. அங்கே சுழி இல்லையென்றால் நான் எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, முதல் இலையில் அவரை உட்கார வைத்து என் கையால் பரிமாறுவேன். சந்தனமும் அவரே வைக்கட்டும். இருந்தால், அவருக்கு என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நான் அந்தச் சுற்றின துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நம்முடையதை வாங்கிக்கொண்டு, உனக்குச் சந்தனம் வைக்க வருவேன்.

விரல் நகங்களை வெட்டி வைத்துக்கொண்டு வா. தந்தி புதிதாக வாங்கியாயிற்று.

உன் அம்மா